சொம்பில் போட்டுக் கேட்ட பாட்டுகள்

1

என் தங்கை தங்காயியின் கணவர் ராசு இறந்து, போன மாதத்தோடு ஒரு வருடம் ஆயிற்று. வருஷம் கும்பிட்டு முடித்த மறுநாளே நான் வின்னிபெக்கில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு சத்தமாக ஒரு பாட்டைப் போட்டேன். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறானே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். எங்கள் குடும்பத்தில் துக்கத்தையும் பாட்டையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாதபடி அந்த வருடம் அமைந்துவிட்டது.

நான் கொல்லிமலைக்காரன், மலைமேல் குண்டூர் நாட்டுப் பக்கம். மஸ்கட்டில் ஓர் ஓட்டலில் துணி துவைத்தேன். பிறகு கனடாவின் நட்டநடுவில் இருக்கும் இந்தக் குளிர் பிடித்த ஊருக்கு வந்து மறுபடியும் துணிதான் துவைக்கிறேன். இப்போது ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள். கடல் தாண்டியும் தொழில் மாறவில்லையே என்று ஊரில் கேட்பவர்களுக்கு, இங்கே தண்ணீர் மட்டும் தாராளம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

எங்கள் சலவைக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. இயந்திரங்களுக்கு நடுவே காதில் எதையும் மாட்டக் கூடாது என்பது கம்பெனி விதி. அதனால் நடுத்தூணில் ஒரு ஸ்பீக்கர் தொங்குகிறது. அதில் யார் பாட்டு ஓடுவது என்று ஒரு காலத்தில் அடிதடி நடக்காத குறையாம். பிறகு முறை வைத்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு நாள். அன்றைக்கு அவர் போடுவதுதான் பாட்டு. பிடிக்காவிட்டாலும் நடுவில் நிறுத்தச் சொல்லக் கூடாது, முகத்தைக் கோணினால் அடுத்த முறை போய்விடும். நம் ஊரில் வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைக்கிற மாதிரி இங்கே பாட்டுக்கு முறை வைத்திருக்கிறார்கள்.

என் பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் என் கடைசிப் பெயராக ஏறிவிட்டது. ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கி விளக்கம் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். சம்பளச் சீட்டில் நான் பெரியசாமி, கூட வேலை செய்பவர்களுக்கு ‘பெரி’. “பெரி, இன்று உன் முறை, என்ன போடப்போகிறாய்?” என்று அவர்கள் கத்தும்போது எனக்குச் சிரிப்பு வரும். என் அப்பா பாட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர். அவரைத்தான் இந்த ஜனங்கள் வாரம் தவறாமல் பாட்டுப் போட அழைக்கிறார்கள்.

இந்த முறையால் எனக்குக் கிடைத்தது கொஞ்சநஞ்சமல்ல. விரிப்பை இஸ்திரி போடும் நீள இயந்திரத்தின் ஒரு முனையில் நானும் மறு முனையில் மரிசெல் என்கிற பிலிப்பைன்ஸ் அம்மாவும் நிற்போம். அவர் நாளில் எல்லாம் காதல் பாட்டு. பாடுகிறவள் மெல்ல ஆரம்பித்து, கடைசியில் குரலை ஒரு படி மேலே ஏற்றும்போது மரிசெல் கையிலிருக்கும் விரிப்பை ஓங்கி உதறுவார். எரித்திரியாக்காரர் நாளில் தோள் தானாகக் குலுங்கும். கைத்தட்டு நாம் எதிர்பார்த்த இடத்தில் விழாமல் கொஞ்சம் தள்ளி விழும், அந்தக் கொஞ்சத்தில்தான் ருசி. உக்ரைன் பெண் போடும் பாட்டில் நாலைந்து பெண்கள் களை வெட்டும்போது பாடுகிற மாதிரி தொண்டையைத் திறந்து பாட, அடியில் கம்ப்யூட்டர் மேளம் ஓடும். பஞ்சாபிப் பிள்ளைகளின் பாட்டில் டிராக்டரும் உண்டு, பனியும் உண்டு. நைஜீரியாக்காரர் பாட்டு அவசரமே படாது. இடுப்பை அசைக்கச் சொல்லி அது கேட்கவும் கேட்காது, ஆனால் நாம் அசைத்துக்கொண்டிருப்போம்.

“இப்பெல்லாம் எவன் பாட்டுப் போடறான்” என்று என் வயதுக்காரர்கள் பெருமூச்சு விட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும். பாட்டு எங்கேயும் நிற்கவில்லை, கேட்பதை நிறுத்தியது நீங்கள்தான் என்று முகத்துக்கு நேரே சொல்லி இரண்டு நண்பர்களை இழந்திருக்கிறேன். நேற்றுவரை கேட்டேயிராத ஒரு பாட்டு, பெயர்கூடத் தெரியாத பாஷையில், எங்கிருந்தோ வந்து என்னை நிறுத்தி வைக்கிறது என்றால் அதைவிட எனக்கு வேறு என்ன வேண்டும்? இந்தப் பைத்தியத்தை எனக்குப் பிடிக்கவைத்தது கனடா அல்ல, என் தங்கை.

2

தங்காயியைக் கட்டிய ராசுவும் அவர் தம்பி பழனியும் கூட்டாக ஒரு ரேடியோ செட்டு வைத்திருந்தார்கள். ஆம்ப்ளிபயர், இரண்டு பெட்டி, சீரியல் லைட்டு, ஒரு ‘கொழாய்’. புனல் வாய் ஒலிபெருக்கிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். கொழாய்க்குத் தடை உண்டு என்பதால் போலீஸ்காரர் இறக்கச் சொன்னால் மறுபேச்சில்லாமல் இறக்கிவிடுவார்கள். சொல்லாத ஊரில் ராத்திரி பத்து மணிவரை ஒன்று மட்டும் கட்டிக்கொள்வார்கள்.

மலையில் கொழாய் இல்லாமல் கல்யாணம் களை கட்டாது. ஓர் ஊருக்கும் எதிர் ஊருக்கும் நடுவே பள்ளம். பார்க்கக் கிட்டத்தில் தெரியும், நடந்தால் பொழுது போய்விடும். இங்கே கொழாய் பாட ஆரம்பித்தால்தான் எதிர்மலைக்காரர்கள் “பொண்ணு ஊட்டுல ஆரம்பிச்சுட்டாங்க” என்று தலைக்குக் குளிப்பார்கள். ஆகவே பந்தலில் இருப்பவர்களுக்கு மட்டும் பாட்டுப் போட்டால் போதாது, பள்ளம் தாண்டவும் வேண்டும். கொழாய்க்கு ஒரு குணம் உண்டு. நெஞ்சில் இடிக்கிற அடிச்சத்தத்தை எல்லாம் விழுங்கிவிடும். மேல் குரல், விசில், கைத்தட்டு, குழல் ஆகியவைதான் எதிர்மலைக்குப் போய்ச் சேரும்.

ராசு மரத்தில் ஏறிக் கொழாயைக் கட்டுவார். எந்தப் பாட்டு என்பது தங்காயியின் பொறுப்பு. அவர் அதில் தலையிட்டு நான் பார்த்ததில்லை. கட்டிக்கொண்டு போன புதிதில் அந்த வீட்டிலிருந்த பாட்டுகளை எல்லாம் அவள் ஒரே மாதத்தில் கேட்டுத் தீர்த்துவிட்டாள். ராசு சேந்தமங்கலம் இறங்கிப் புதிதாக வாங்கி வந்தார். அதுவும் தீர்ந்தது. “உங்க தங்கச்சி பாட்டைக் கேக்கலீங்க மச்சான், திங்குது” என்று என்னிடம் பெருமையாகப் புகார் சொன்னார்.

போன் வந்த பிறகு நான் மஸ்கட்டிலிருந்து அனுப்ப ஆரம்பித்தேன். அரபி, சுவாஹிலி, பலூச்சி, என்ன கிடைத்ததோ அது. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அவள் தீர்ப்புச் சொல்லுவாள்.

“அந்தப் பொண்ணு பொய்யா அழுவுதுங்கண்ணா. இந்த ஆளு நல்லாப் பாடறாப்ல, ஆனா பஸ்ஸைப் புடிக்கப் போறவராட்ட ஓடறாப்ல. மூணாவதா ஒண்ணு அனுப்ச்சீங்களே, அது பாட்டே இல்லீங். ஆனா விடமுடியல, நாலு வாட்டி கேட்டேன்.”

“ஒரு வார்த்தையும் புரியாம எப்படிக் கேக்கறே?” என்று ஒருமுறை கேட்டேன்.

“புரிஞ்சா அவிய சொல்றது மட்டுந்தானுங்கண்ணா. புரியலைன்னா நம்ம நெனைக்கறதெல்லாம் அதுல இருக்குது” என்றாள். பிறகு மிளகு காயவைத்திருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விட்டாள்.

3

போன வருடம் மரவள்ளி, எங்கள் பேச்சில் குச்சிக்கிழங்கு, பிடுங்குகிற சமயத்தில், காட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த ராசு எழுந்திருக்கவில்லை. எனக்குச் செய்தி வந்தபோது இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்குவதற்கான என் பி.ஆர். அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. அட்டை இல்லாமல் நாட்டை விட்டுக் கிளம்பலாம், ஆனால் திரும்ப விமானம் ஏற விடமாட்டார்கள். வெளியிலிருந்து வேறொரு தாளுக்கு எழுதிப் போடலாம், அது எப்போது வரும் என்று சொல்ல யாருமில்லை. அட்டை அலுவலகத்துக்குப் போன் செய்தால், காத்திருக்கச் சொல்லி ஒரு பியானோவைப் போட்டார்கள். என் வாழ்க்கையில் நான் வெறுக்கிற ஒரே இசை அதுதான்.

வேலையிடத்தில் விடுப்புக் கேட்டேன். இறந்தவர் என் தங்கையின் கணவர் என்றேன். மனைவியின் சகோதரன், அக்காள் புருஷன், தங்கை புருஷன் எல்லோருக்கும் இவர்களிடம் ஒரே சொல்தான். மாப்பிள்ளை என்று எங்கள் வீட்டில் எப்படித் தாங்குவோம் என்பதை நான் எந்த ஆங்கிலத்தில் சொல்வது? அந்த ஒற்றைச் சொல்லுக்கு விதிப்படி ஒரு நாள் கொடுத்தார்கள். நான் அந்த நாள் முழுவதும் ஜன்னலில் பனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மண்ணள்ளிப் போடப் போக முடியாதவன் வேறு என்ன செய்வான்? சாவு விழுந்த வீட்டில் வருஷம் கும்பிடும்வரை பாட்டுச் சத்தம் இருக்காது, நான் பார்த்து வளர்ந்தது அப்படி. இந்த வீட்டிலும் ஒரு வருடத்துக்குப் பாட்டு கிடையாது என்று சொல்லிவிட்டேன். சலவைக்கூடத்தில் என் முறையை மரிசெல்லுக்கு விட்டுக்கொடுத்தேன். என் மனைவி கலா மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்காரி. “முப்பது நாள் போதாதுங்களா?” என்று மட்டும் கேட்டாள். எங்கள் மலை வழக்கம் உனக்குத் தெரியாது என்று அவள் வாயை அடைத்துவிட்டேன்.

தங்காயியிடமும் பாட்டுப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்காவிட்டால் பேச எங்களுக்கு ஒன்றுமே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சாப்பிட்டாயா, மழை உண்டா, மிளகு எப்படி. அதோடு முடிந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளாக ஒரு விஷயம் சொன்னாள்.

“பழனித் தம்பி செட்டை வித்துரலாமுங்குதுங்கண்ணா. கீழ ஒருத்தரு கேக்கறாராமா. வருசம் கும்பிட்டதும் குடுத்துரலாமுன்னு.”

“நீ என்ன சொன்னே?”

“தம்பிக்கும் பங்காச்சுங்களே. நான் என்னன்னு சொல்றது?”

பழனியைக் குறை சொல்ல முடியாது. பிக்கப் வண்டியில் கிழங்கு ஏற்றிக்கொண்டு கீழே ஜவ்வரிசி செய்யும் சேகோ பேக்டரிக்கு ஓடுவதற்கே அவருக்கு நேரம் போதவில்லை. இப்போது வசதியுள்ளவர்கள் ராசிபுரத்திலிருந்து ஆள் உயரப் பெட்டிகளோடு டிஜே கூட்டி வருகிறார்கள். ஆனால் தங்காயிக்குப் பிள்ளைகள் இல்லை. காடு சோறு போடும், சரி. அவளை ஊர் ஊராக அழைத்துப்போய் நாலு பேர் நடுவே நிறுத்தியது அந்தச் செட்டுதான். அதுவும் போனால் என் தங்கை காட்டுக்கும் வீட்டுக்குமாக முடங்கிப்போவாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. ராசு இறந்தபோதுகூட நான் இவ்வளவு பயப்படவில்லை.

4

இந்தப் பக்கம் என் மகள் யாழினி கைநழுவிக்கொண்டிருந்தாள். பதினொன்றாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை நிறுத்திவிட்டாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும், ஆங்கிலத்தில் கேட்டால் தோள் குலுக்கல் வரும். காதில் எப்போதும் எதையாவது மாட்டிக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்வாள். பாட்டா என்றால் பாடம் என்பாள். இதற்கு நடுவே, கலா ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் சொம்பு அடிக்கடி காணாமல் போய் அவள் அறையில் அகப்படும். “தண்ணி குடிக்க இம்மாம் பெரிய சொம்பா?” என்று கலா கத்துவாள். நமக்கு நம் கவலை, அவளுக்குச் சொம்புக் கவலை என்று நான் விட்டுவிட்டேன்.

ராசுவுக்கு வருஷம் கும்பிட்டதை வீடியோவில் பார்த்தேன். தங்காயி இலை போட்டு, விழுந்து கும்பிட்டு எழுந்தாள். மறுநாள் காலை, எரித்திரியாக்காரரிடம் கேட்டு ஒரு வருடமாக அவளுக்கென்று நான் பொத்தி வைத்திருந்த பாட்டை அனுப்பினேன். சமையலறையில் அதை நானும் சத்தமாகப் போட்டேன். போட்டதும் கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நேரம் பொறுத்து அவளைக் கூப்பிட்டேன்.

“கேட்டியா அம்முணி?”

“கேட்டேனுங்கண்ணா. நல்ல பாட்டு.” இழுத்தாள். “ஆனா இது பழசுங்களே.”

“பழசா?”

“யாழினிக் கண்ணு மார்கழிலயே அனுப்ச்சிருச்சு. அதே ஆளு இப்பப் புதுசா ஒண்ணு பாடிருக்காப்ல, அது இன்னும் சோக்கா இருக்குது. உங்களுக்கு அனுப்பட்டுங்களா?”

“வருஷம் முடியாம நீ பாட்டுக் கேட்டியா?”

“இங்க முப்பதுக்கே அவியவிய ஊட்டுல டிவி போட்டர்றாங்கண்ணா. செட்டைத்தான் வருசம் முடியாம கல்யாணங்காட்சிக்கு எடுக்கப்படாது. நீங்கதான் பாட்டுப் பேச்சே எடுக்கலை. அவரு போனது உங்களுக்கு அவ்வளவு வேதனையாட்ட இருக்குதுன்னு நானும் கம்முன்னு உட்டுட்டேன்.”

நான் ஊரை விட்டு வந்த நாளில் வழக்கம் எப்படி இருந்ததோ அதையே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஊர் அதை எப்போதோ தளர்த்திவிட்டது. அவளுக்காக நான் வாயைக் கட்டியிருந்தேன், எனக்காக அவள் கட்டியிருந்தாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நேரே மகள் அறைக்குப் போனேன். கதவைத் திறந்தால், மேசைமேல் சொம்பு பாடிக்கொண்டிருந்தது. உள்ளே போன் தலைகீழாகக் கிடந்தது. யாழினி கன்னத்தில் கைவைத்துச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அத்தைதான் சொன்னாங்க” என்றாள், திக்கித் திக்கித் தமிழில். “சொம்புக்குள்ள போட்டா கொழாய் மாதிரி கேக்கும். சொம்புலயும் நல்லா இருந்தா அது அந்த மலைக்குப் போயிடும்.”

“எப்போ இருந்து இது?”

“மாமா செத்தப்போ.” சொம்பிலிருந்து போனை எடுத்தாள். “அத்தைகிட்ட என்ன சொல்லணும்னு எனக்குத் தமிழ் தெரியலப்பா. அதான் ஒரு பாட்டு அனுப்பினேன். அவங்க ஒண்ணு திருப்பி அனுப்பினாங்க.”

அத்தை அனுப்பிய சிலவற்றை எனக்குப் போட்டுக் காட்டினாள். மலையாளத்தில் ஒரு ராப். சேகோ பேக்டரியில் வேலை செய்யும் ஒடிசாப் பையன்களிடம் பழனி வழியாக வாங்கிய ஓர் ஒடியாப் பாட்டு. சென்னையில் யாரோ பிள்ளைகள் வீட்டிலேயே உட்கார்ந்து செய்த, இருமல் சத்தத்தோடு கூடிய ஒன்று. எதையும் நான் கேட்டதில்லை. உலகத்துப் பாட்டையெல்லாம் மலைக்கு அனுப்புகிறவன் நான்தான் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். மலை என்னைத் தாண்டிப் போய்விட்டிருந்தது. கைநழுவுகிறாள் என்று நான் புலம்பிய மகளும் அந்தப் பக்கம்தான் போயிருந்தாள். அவள்மேல் எனக்கு அன்றைக்குப் பொங்கிய அன்பை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் கதவைச் சாத்திவிடுவாள்.

5

தங்காயி பழனியிடம் ஒரு பேச்சுப் பேசியிருந்தாள். மாசியில் பக்கத்து ஊரில் ஒரு கல்யாணம். “இந்த ஒண்ணு நான் போடறேன் தம்பி. ஊருக்குப் புடிச்சா செட்டு இருக்கட்டும். புடிக்கலீன்னா நானே கையால எடுத்துக் குடுத்தர்றேன்.” பழனி அரைமனதாகத் தலையாட்டினாராம். மரம் ஏறிக் கொழாய் கட்டித் தருவதாகவும் ஒப்புக்கொண்டார்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் வேறு வேலையே நடக்கவில்லை. சாயங்காலமானால் சாப்பாட்டு மேசை நடுவே சொம்பு வந்து உட்காரும். கலாவும் திட்டுவதை விட்டுவிட்டு நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டாள். நான் கொண்டுவந்ததெல்லாம் அடிச்சத்தம் அதிகமுள்ள பாட்டுகள். கல்யாணம் என்றால் தரை அதிர வேண்டும் என்பது என் எண்ணம். சொம்புக்குள் போட்டால் அவை மூக்கடைத்துக்கொண்டு முனகின. “ஃபெயில்” என்பாள் யாழினி. அடுத்ததும் ஃபெயில். கலா தற்செயலாக எடுத்துத் தந்த ஒரு காங்கோ கிடார் பாட்டு சொம்புக்குள் மணி மாதிரி கேட்டது. அன்று முழுக்க அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

தங்காயி போனில் ஒவ்வொன்றையும் கேட்டு வரிசை சொன்னாள். முதலில் பிள்ளையார் பாட்டு, அதில் கை வைக்க முடியாது. அடுத்து எல்லோருக்கும் தெரிந்த சினிமாப் பாட்டு ஒன்றிரண்டு. பிறகு நம்முடையது.

“ஒரே மாதிரி ரெண்டு பாட்டை அடுத்தடுத்துப் போட்டா மூணாவது காதுல ஏறாது கண்ணு. அழுகாச்சி ஒண்ணு போட்டா அடுத்தது குதிக்கோணும். குதிச்சு முடிச்சவியளுக்கு மூச்சு வாங்க ஒண்ணு வேணும்” என்று மருமகளுக்குச் சொன்னாள். யாழினிக்குப் பாதித் தமிழ்தான் புரிந்திருக்கும், ஆனால் சரியாகத் தலையாட்டினாள். தன் பள்ளித் தோழியிடமிருந்து ஒரு பாட்டு வாங்கி வந்தாள். பிலிப்பைன்ஸில் ஏதோ ஒரு தீவுக்காரப் பையன் பாடியது, பாதி விசில், பாதி குரல். சொம்புக்குள் போட்டோம். சொம்பே அதற்காகச் செய்தது போலிருந்தது.

போனை நான் வாங்கிக்கொண்டேன். “புரியாத பாஷையில போட்டுப் பந்தல்ல யாருக்கும் புடிக்கலைன்னா?” என்றேன்.

“அடுத்த பாட்டு புடிக்குமுங்கண்ணா.”

“அதுவும் புடிக்கலைன்னா செட்டு போயிரும் அம்முணி.”

“போனாப் போவுதுங்க” என்றாள். “பயந்து பயந்து போட்டுச் செட்டைக் காப்பாத்தி என்னுங்க பண்றது? அவரு இருந்தா பயப்படுவாருங்களா?”



6

கல்யாணத்துக்கு முதல்நாள் சாயங்காலம் ஆறரை மணிக்கு அங்கே பாட்டு ஆரம்பம். இங்கே காலை ஏழு, வேலை தொடங்குகிற நேரம். முறை வேறொருவருடையது. மேற்பார்வையாளரிடம் விஷயத்தைச் சொல்லிக் கெஞ்சி வாங்கினேன். தங்காயி வீடியோ போட்டுப் போனை ஆம்ப்ளிபயர் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். நான் என் போனைத் தூணிலிருந்த ஸ்பீக்கரோடு இணைத்தேன். வின்னிபெக் ஆஸ்பத்திரி விரிப்புகளுக்கு மேல் கொல்லிமலைப் பந்தல் இறங்கியது. நாய் குரைத்தது. யாரோ “எலை எங்க?” என்று கத்தினார்கள். பழனி “ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்” என்றார்.

பிள்ளையார் பாட்டு முடிந்தது. சினிமாப் பாட்டுக்குக் குழந்தைகள் ஆடினார்கள். அடுத்து அந்தத் தீவுக்காரப் பையனின் விசில் கிளம்பியது.

மரிசெல் விரிப்பை விட்டுவிட்டார். அது இயந்திரத்தில் கோணலாகப் போய்ச் சிக்கியது. “இது என் ஊர்ப் பேச்சு” என்றார். தலைநகரத்துப் பாஷைப் பாட்டுகளைத்தான் அவர் எப்போதும் போடுவார். தன் ஊர்ப் பாஷையை இங்கே யார் கேட்கப்போகிறார்கள் என்று இதுவரை போட்டதே இல்லையாம். “யார் இந்தப் பையன்? நான் கேட்டதே இல்லையே” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் கையால் பொறுங்கள் என்றேன். ஏனென்றால் மலையில் பந்தல் அடங்கிப்போயிருந்தது.

“என்ன பாசை இது?” என்று ஒரு பெரியவர் குரல். “சினிமாப் பாட்டுப் போடுங்கப்பா” என்று இன்னொன்று.

பழனி பதறினார். “அண்ணி, மாத்திருங்க அண்ணி.”

“முடியட்டும் தம்பி.”

“ஊரு கேக்குதுங்க!”

“ஊரு இன்னும் கேக்கவே இல்லீங்களே தம்பி. முழுசாக் கேக்கட்டும்.”

தங்காயி திரையில் பக்கவாட்டில் தெரிந்தாள். ஆம்ப்ளிபயரின் திருகில் கையை வைத்திருந்தாள், எடுக்கவில்லை. பாட்டு இரண்டாம் முறை விசிலுக்கு வந்தபோது பந்தலுக்கு வெளியே ஒரு பெண்பிள்ளை திருப்பி விசிலடித்தாள். இன்னொன்று சேர்ந்தது. பிறகு ஒரு கூட்டமே. கைத்தட்டு எழுந்தது. பெரியவர் ஏதோ சொன்னார், காதில் விழவில்லை. அந்த நேரம் பழனியின் போன் அடித்தது.

“ஏனுங்... ஆமாங்... அங்க கேக்குதுங்களா?” பழனியின் குரல் மாறியது. போனைப் பொத்திக்கொண்டு கத்தினார். “அண்ணி, அக்கட்டால எதிர்மலை ஊர்ல இருந்துங்க! அது என்ன பாட்டு, இன்னொருக்கா போடச் சொல்லுங்கன்னு கேக்கறாங்க!”

“இன்னொருக்கா வேண்டாம். இதைவிட நல்லது இருக்குதுன்னு சொல்லுங்க தம்பி” என்றாள் தங்காயி. காங்கோ கிடார் கிளம்பியது. பந்தல் எழுந்து நின்றது என்றுதான் சொல்ல வேண்டும். ஒடியாவும் போனது, யாழினி தேர்ந்தெடுத்த கொரியாப் பாட்டுக்காரிகளும் போனார்கள். இங்கே உக்ரைன் பெண்ணும் எரித்திரியாக்காரரும் விரிப்புகளை மடித்தபடி ஆடினார்கள். மேற்பார்வையாளர் பார்க்காதது போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பழனி போனை எடுத்து முகத்தைக் காட்டினார். வியர்த்து வழிந்தது. “மாமா, கீழ கேட்டவருக்குச் செட்டு இல்லைன்னு சொல்லிர்றேனுங். பங்குனில அவிய ஊட்டுக் கல்யாணத்துக்கும் அண்ணிதான் போடோணும்னு இங்கயே ரெண்டு பேரு சொல்லிட்டாங்க.”

“மாப்ளே, தங்காயிகிட்டக் குடுங்க” என்றேன்.

அவள் முகம் வந்தது. ஒரு வருடமாக அவளிடம் சொல்ல முடியாததை எல்லாம் அப்போதே சொல்லிவிடப் பார்த்தேன். ராசுவின் சாவுக்கு வர முடியாமல் போனது, அந்தப் பனி, அந்த ஒரு நாள் விடுப்பு, இப்போது நான் படுகிற பெருமை எல்லாம்.

“அம்முணி, நான் என்ன சொல்றேன்னா...”

“ஏனுங்கண்ணா, பாட்டு முடியப் போவுதுங். அடுத்தது போடோணும். வெச்சர்றேன்” என்றாள். வைத்தே விட்டாள்.

தூணிலிருந்த ஸ்பீக்கர் அடங்கிவிட்டது. என் பேச்சைக் கேட்க என் தங்கைக்கு நேரமில்லை. ஒரு வருடமாக நான் சாமியிடம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.